கிழக்கு அறையும் சேர்த்துத்தான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் வலியும் ஒரு குறையும் இல்லாமல் நலமாக இருக்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் இனிமேலாவது இரு. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ "வேணாம்மா, விடும்மா" என்று குறுக்கே விழுவாய். காகிதத்தில் அந்தப் பாச்சா பலிக்காது.

புது வீட்டு எஸ்டிமேட் வந்துவிட்டது. இன்ஜினியர் தம்பி போன வாரம் தையல் கடைக்கே கொண்டுவந்து என் வெட்டு மேசையில் விரித்துவைத்தார். நல்ல பையன், ஆனால் கடைசிப் பக்கத்தை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டே பேசினார். சதுர அடிக்கு இவ்வளவு என்று முதலில் சொன்னபோது, பரவாயில்லையே என்று அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. செப்டிக் டேங்க் அதில் சேராது, தண்ணீர்த் தொட்டி சேராது, சுற்றுச்சுவர் சேராது, மாடிப்படி சேராது. அந்தச் சதுர அடியில் என்னதான் தம்பி சேரும், நாங்கள் நிற்கலாமா கூடாதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். அப்பா உடனே தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். கையிருப்பு, அப்பாவின் ஓய்வுப் பணம், வங்கி தருகிறேன் என்பது எல்லாம் சேர்த்தும் நாலு லட்சம் துண்டு விழுகிறது.

பெரியப்பாவோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம், அவர் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும். சாயங்காலமே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உனக்கென்று போட்ட கிழக்கு அறையைத் தூக்கிவிட்டால் கணக்கு நேராகிவிடுமாம். "வராத பொண்ணுக்கு எதுக்கு ரூம்? புருஷனை விட்டுட்டு வந்தவளுக்கு ரூம் கட்டி வெச்சா நாலு பேர் என்ன சொல்வாங்க" என்றார். அந்த நாலு பேரை எனக்குத் தெரியும். நாலு பேருக்கும் நான்தான் துணி தைக்கிறேன். ஒருவரும் நமக்கு ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கித் தரப்போவதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ பெட்டியோடு வாசலில் நின்றபோது, "வந்தா அவனோட வா" என்று உன்னைத் திருப்பி அனுப்பியவரும் இவர்தான். இந்த வீடு அவர் பெயரில் இருக்கிறது, அப்பா வாய் திறக்கவில்லை. நான் கடையிலிருந்து ஓடிவருவதற்குள் நீ பஸ் ஏறிவிட்டாய். அன்றிலிருந்துதான் தனி வீடு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறேன். இது தெரிந்தும், எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கத்தை அப்பா போனில் படமெடுத்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு நீ என்ன எழுதினாய்? "என் ரூமை எடுத்துடுங்கம்மா, நான் வரப்போறதில்ல, செலவு மிச்சம்." நீயும் பெரியப்பாவும் ஒரே கணக்கைப் போடுகிறீர்களே, வெட்கமாக இல்லையா?

எடுக்க மாட்டேன். எதையெல்லாம் எடுத்தேன் என்று கேள். பூ வேலை போட்ட கேட் போய்விட்டது, சுற்றுச்சுவருக்குப் பதில் கம்பி வேலி. தரைக்கு டைல்ஸ் வேண்டாம், சிமெண்ட் போதும். மாடியே கட்டாதபோது படி எதற்கு, ஏணி வைத்து ஏறிக்கொள்கிறோம். கதவு ஜன்னல் எல்லாம் இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் பார்த்துவிட்டேன், மரம் கல் மாதிரி இருக்கிறது. வெளிப்பூச்சு கையில் காசு வரும்போது. பார்க்க நன்றாக இருக்காதே அம்மா என்று இன்ஜினியர் இழுத்தார். பார்க்கிறவர்கள் பக்கத்து வீட்டைப் பார்க்கட்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி நம் மனையில் கயிறு கட்டிச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். கோடாகப் பார்த்தால் எல்லா அறையும் தீப்பெட்டி மாதிரிதான் தெரியும், சுவர் எழும்பினால் சரியாகிவிடும் என்று முன்கூட்டியே சமாதானம் சொன்னார். நான் நம்பாமல் உன் அறைக் கோட்டுக்குள் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். கட்டில், மேசை, உன் புத்தகங்கள் எல்லாம் கொள்ளும். எழுந்து மண்ணைத் தட்டுகிறேன், பெரியப்பா வந்து நிற்கிறார். கிழக்குப் பக்கத்துக் கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்துவிட்டு, "இதை விட்டுட்டுப் போடு" என்று மேஸ்திரிக்கு உத்தரவு போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, அண்ணன் நிற்கிற இடத்தில் உட்காரக்கூட மாட்டாரே, அந்த அப்பா, சுண்ணாம்புச் சட்டியை வாங்கிக் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழிந்த கோட்டைத் திரும்பப் போட்டார். கோடு கோணல்மாணலாக வந்தது. நிமிர்ந்து, "அண்ணா, இது என் பொண்ணு ரூம். உள்ள வர்றதுன்னா செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றார். சொல்லியேவிட்டார். பெரியப்பா இரண்டு நாளாக எங்களோடு பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது, நான் நன்றாகத் தூங்குகிறேன்.

அப்பா போட்ட அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. அந்த அறைக்கு வெளிப்பக்கமாக ஒரு தனிக் கதவு வையுங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். ஒரு நிலை, ஒரு கதவு, இரண்டு படி கூடுமே, விழுகிற துண்டு போதாதா என்று இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது, அது கதவுக்கு என்றேன். நீ எந்த நேரத்தில் வந்தாலும், யாரிடமும் ஏன் எதற்கு என்று சொல்லாமல், எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போகலாம். வரப் பிடிக்காவிட்டால் வராதே, அறை பூட்டிக் கிடக்கட்டும். உனக்கு வீடில்லை என்று மட்டும் இனி ஒருத்தரும் சொல்லக் கூடாது, நீயும்தான்.

வேலை முடிந்து இருட்டில் தனியாக நடந்து வராதே. தலைவலி என்று பட்டினி கிடக்காதே. யார் எது கேட்டாலும் குனியாமல் பதில் சொல்லு. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, நன்றாக இருப்பாய்.

உறையைத் தூக்கிப் போடுவதற்கு முன் உள்ளே கை விட்டுப் பார். துணியில் சுற்றி ஒரு சாவி வைத்திருக்கிறேன். கதவு எவ்வளவு கனம் என்று பூட்டுக்கடைக்காரர் கேட்டார். கதவு இன்னும் வாங்கவில்லை, சுவரே எழும்பவில்லை என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். பூட்டு வாங்கியாகிவிட்டது, இனி அந்தக் கதவை எஸ்டிமேட்டிலிருந்து எவர் எடுக்கிறார் என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

பக்கத்தில் கோணலாக இருப்பது அப்பாவின் கையெழுத்து. அவரே கேட்டு வாங்கிப் போட்டார்.