இரண்டு கப்பல்களும் நான் சொன்ன இரண்டு பொய்களும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அந்தச் சளி விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் பாதியில் நானே பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

விஷயம் அந்தக் கப்பல் பயணம்தான். டிராவல்ஸ்காரம்மா இரண்டு கப்பலிலும் நமக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார், மாதக் கடைசிக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரியதில் பதினேழு மாடி, நாலாயிரம் பேர், சாப்பிட ஒன்பது இடம், நீச்சல் குளமே ஐந்து. சின்னதில் மொத்தம் நூற்றிருபது பேர்தான், ஒரே சாப்பாட்டுக் கூடம், குடும்பத்துக்கு ஒரு மேசை, ஐந்து நாளும் அதே மேசை. பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து தினம் நாற்பது பேரை முன்னே பின்னே என்று வரிசைப்படுத்துகிற எனக்கு இதில் ஒன்றைச் சொல்ல மூன்று வாரமாக வாய் வரவில்லை. நேற்று பல் பிடுங்க வந்தவரைக் க்ளிப் போடுகிற அறைக்கு அனுப்பிவிட்டேன், டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டு வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே என்று கேட்டார். என் குழப்பத்தைப் பார்த்து டிராவல்ஸ்காரம்மா நேற்று நடுத்தரமாக மூன்றாவது கப்பல் ஒன்றையும் காட்டினார், அதோடு எனக்குச் சுத்தமாகத் தலை சுற்றிவிட்டது.

உன் அப்பாவைத் தெரியுமே, அலமாரி செய்கிறவருக்கு எதையும் தரையில் அளந்து பார்த்தால்தான் நம்பிக்கை. இரண்டு கப்பலின் அறைகளையும் ஹாலில் டேப் ஒட்டி வரைந்துவிட்டார், நாலு நாளாக அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டித்தான் சமையலறைக்குப் போகிறேன். உன் தங்கை சின்ன அறைக்குள் படுத்துப் பார்த்துவிட்டு, இதுக்குள்ள அப்பா குறட்டை விட்டா நான் கடல்ல குதிச்சிடுவேன் என்றாள். அவர் நிமிராமலே, உனக்கும் அக்காவுக்கும்தான் தனி ரூம் ஆச்சே, உனக்கென்ன வந்துச்சு என்றார். அக்கா என்று அவர் சொல்லிக் கேட்டுப் பதினாலு மாதம் ஆகிறது. நீ போனில், என் ரூமை வாடகைக்கு விட்டுடுங்க, நான் இப்போதைக்குத் திரும்பி வர்றதா இல்லை என்று சொன்ன நாளிலிருந்து உங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு என்றால் நான்தானே. அவர் சொல்வதைக் கொஞ்சம் இனிப்பாக்கி உனக்கு, நீ சொல்வதைக் கொஞ்சம் காரம் குறைத்து அவருக்கு.

அந்தப் பழக்கத்தில்தான் இதையும் செய்தேன். கப்பல் பேச்சை முதலில் எடுத்தபோது நீ, மூணு பேரும் போயிட்டு வாங்கம்மா, என்னை விட்டுடுங்க என்றாய். அவரும், அவ எங்க வரப்போறா, விடு என்றார். நான் அவரிடம், சின்னக் கப்பல்னா வர்றாளாம், எல்லாரும் ஒரே மேசையில உட்காரணுமாம் என்றேன். உன்னிடம், அப்பா பெரிய கப்பலா பார்க்கறார், நீ நீந்தறதுக்கு நல்ல குளம் இருக்கணுமாம் என்றேன். இரண்டையும் யாரும் சொல்லவில்லை. அந்தந்த நிமிஷத்தில் எந்தக் கப்பலின் படம் கையில் இருந்ததோ அது வாயில் வந்தது. நீ, அப்பா அப்படிச் சொன்னாரா, சரி வர்றேன் என்றாய். கூட்டத்தைக் கண்டால் ஓடுகிற நீ நாலாயிரம் பேரோடு வரத் தயார். பஸ்ஸில் போனாலே வாந்தி எடுக்கிற மனுஷர், சின்னக் கப்பல் அதிகம் ஆடும் என்று தெரிந்தும் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார். இப்போது எந்தக் கப்பலைச் சொன்னாலும் இன்னொருவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் இருவருமே வராமல் போய்விடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. உங்களைச் சேர்த்துவைக்கத்தான் இப்படிச் செய்தேனா, நடுவில் நின்று பழகிப்போனதாலா என்றும் யோசிக்கிறேன். அதுவும் தெரியவில்லை.

அவரிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று இன்று மதியம் பட்டறைக்குப் போனேன். பலகையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிக்கொண்டே, அவளுக்கு ஜன்னலோரப் படுக்கை வேணும்னு சொல்லி வை, மறந்துடாதே என்றார். நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அதனால் நீயே அவரிடம் பேசு. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மெஷின் ஓடாது, பட்டறையில் தனியாகத்தான் இருப்பார். பெரிசோ, சின்னதோ, வரவே மாட்டேனோ, எதுவானாலும் அவர் காதில் நேராகச் சொல். அம்மா இல்லாததைச் சொன்னாள் என்பதையும் சொல், எனக்குத் திட்டு விழட்டும். வரவில்லை என்றால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன், பதிலை எனக்கு அனுப்பாதே. இந்த முறை நான் எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல மாட்டேன்.

உன்
அம்மா