மூன்று பேர் வாசித்த நால்வர் இசை

என் குமார் அண்ணாவுக்கு,

இங்கே மழை விட்டுவிட்டது. ஆனாலும் வானம் கொஞ்சம் இருட்டினால் போதும், தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறேன். மாடியில் யாராவது பக்கெட்டைக் கவிழ்த்தால்கூட எழுந்து நின்றுவிடுகிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ போன பிறகு நம் குவார்ட்டெட் அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கோடம்பாக்கத்தில் ரெக்கார்டிங் இல்லாத நாட்களில் நீயும் சலீம் பாயும் விளையாட்டாக ஆரம்பித்தது. நாலு சாக்ஸபோன். பாடகர் இல்லை, மைக் இல்லை, கையை ஆட்டி வழிநடத்த ஆள் இல்லை. ஒரு அறைக்குள் நாலு பேர் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிக்கிற சேம்பர் மியூசிக். சலீம் பாய் மேலே சோப்ரானோ, அண்ணி ஆல்டோ, கோபி டெனர், எல்லோருக்கும் அடியில் நீ, இருக்கிறதிலேயே பெரிய பாரிடோன். அண்ணி உன் வாத்தியத்தை ஒருநாள் என் மடியில் வைத்து, "நீ ஊது" என்றார். அவ்வளவுதான், நீ சொல்லிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு நான் உள்ளே வந்துவிட்டேன்.

ஆனால் அண்ணா, அண்ணி சரியாக இல்லை. உனக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. எதைக் கேட்டாலும், "இருந்தா என்ன, போனா என்ன" என்பார். சர்க்கரை மாத்திரையைப் போட மாட்டார். உஸ்மான் ரோட்டில் ஒருநாள் பார்க்காமல் இறங்கிவிட்டார், பஸ் பிரேக் போட்டு உரசாத குறையாக நின்றது. டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து போன் அடித்தாலே ஆஸ்பத்திரியிலிருந்துதான் என்று நினைப்பேன். அவரும் உன் பின்னாலேயே வந்துவிடுவாரோ? ஒரு வருஷமாக இந்தப் பயத்தோடுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன்.

கார்த்திகையில் மயிலாப்பூரில் ஒரு கச்சேரிக்கு ஒப்புக்கொண்டோம். முந்தின நாள் ஒத்திகைக்கு வேளச்சேரியில் கோபி வீட்டுக்குப் போனோம். பெய்த மழையில் திரும்ப முடியவில்லை, அங்கேயே தங்கிவிட்டோம். காலையில் மழை நின்றது. மயிலாப்பூரில் தண்ணீர் இல்லை, கச்சேரி உண்டு என்று ஹால்காரர் சொன்னார். கோபி எப்போதும் போல வெள்ளத்துக்குப் பயந்து முந்தின நாளே காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். "நான் போய் வண்டிய முனைக்குக் கொண்டாறேன், நீங்க மெதுவா எறங்கி வாங்க" என்று தன் டெனரை முதுகில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கி ஓடினான்.

நாங்கள் மூவரும் ஐந்தாவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கினோம். உன் பாரிடோனைத் தூக்கிக்கொண்டு படி இறங்க எனக்குத் தெம்பில்லை. கிரவுண்டுக்குத்தான் பட்டனை அழுத்தினேன். கிரவுண்டு வந்தது, நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே போய், ஒரு குலுக்கலோடு நின்றது. விளக்கு அணைந்தது.

ஏரிக்கரை உடைந்து ரோட்டில் வந்த தண்ணீர் அந்த நேரம் பார்த்துக் கீழே கார் நிறுத்துகிற தளத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. இது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது ஒன்றுதான், கால் நனைந்தது.

சலீம் பாய் போனில் வெளிச்சம் போட்டார். கதவின் அடியிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சிக்னல் இல்லை. லிஃப்ட் மணியும் அடிக்கவில்லை. கத்தினோம். அந்த இரும்புப் பெட்டிக்குள் எங்கள் சத்தம் எங்களையே வந்து அடித்தது. சலீம் பாய் கதவை முட்டி முட்டித் தட்டினார். "யா அல்லா, யாருனா கீறீங்களா? லிஃப்ட்ல ஆளு கீதுப்பா!" கணுக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தண்ணீரில் கரண்ட் பாய்ந்துவிடுமோ என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். எதற்காக அப்படி நின்றேன் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை.

அண்ணி மட்டும் கத்தவே இல்லை. மூலையில் ஆல்டோவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றார். அண்ணா, தண்ணீரைவிட எனக்கு அந்த மௌனம்தான் பயமாக இருந்தது. இதற்குத்தான் காத்திருந்தாரோ?

தண்ணீர் தொடையைத் தாண்டியபோது அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது.

"ரேவதி, எனக்கு சாவு வேணாம்டி."

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். ஆல்டோ எங்கள் இருவருக்கும் நடுவே அழுத்தியது.

"எனக்கு இருக்கணும்போல இருக்கு. உங்கண்ணன் கோச்சிக்க மாட்டாரு இல்ல?"

"மாட்டான் அண்ணி" என்றேன். உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். சரிதானே?

அதற்கப்புறம் அவர்தான் எங்களை நடத்தினார். "கத்துனா மேல கேக்காது. பாரிடோன எடு. அது சுவத்துக்குள்ள பூந்து போவும்." பெட்டியைத் தூக்கி சலீம் பாயின் தோளில் சாய்த்து, இருட்டில் தடவி மாட்டினேன். ஊதினால் காற்றுதான் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறேன், வாயில் ஒரு சொட்டு எச்சில் இல்லை. சீவாளி மாதிரி அந்த ரீட் நனையாமல் சத்தம் எங்கிருந்து வரும்? அண்ணி அதைக் கழற்றித் தன் வாயில் வைத்து நனைத்துத் திருப்பி மாட்டிக் கொடுத்தார். அடியிலிருக்கிற அந்தக் கடைசி ஸ்வரத்தை ஊதினேன். லிஃப்டே அதிர்ந்தது. திரும்பத் திரும்ப ஊதினேன். யாரும் வரவில்லை.

"ஒத்த சத்தம் போட்டா சாவு வூட்டு சங்குன்னு நெனச்சிக்குவாங்க" என்றார் சலீம் பாய். "மூணு பேரும் வாசிக்கலாம்மா. ரெண்டாவது பீஸு."

ரெண்டாவது பகுதி எது என்று உனக்குத் தெரியும். மெதுவானது, நீ ஆரம்பிப்பது. நான் ஆரம்பித்தேன். அண்ணி சேர்ந்தார், மேலே சலீம் பாய். கோபியின் இடம் காலியாகவே போனது. எந்த வெளிச்சமும் இல்லை, போனை சலீம் பாய் சட்டைப் பையில் வைத்துவிட்டார். ஒருவர் மூச்சை இழுக்கிற சத்தத்தை வைத்துத்தான் அடுத்தவர் வாசித்தார். பாரிடோனின் வாய் தண்ணீரைத் தொடாமல் இருக்க அதை மேலே தூக்கித் தூக்கி என் தோள் விட்டுப்போயிற்று. இதுதான் கடைசி என்று நினைத்தேன். அம்மாவை நினைத்தேன். தப்பாக வாசித்தேன், அண்ணா, ரொம்பத் தப்பாக.

கோபி முனையில் காத்திருந்து பார்த்துவிட்டுத் தண்ணீரில் நடந்து திரும்பி வந்திருக்கிறான். அந்தக் குடியிருப்பின் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே நிற்கும்போது காதில் விழுந்திருக்கிறது. தன் பாகம் மட்டும் இல்லாமல் அந்தப் பாட்டை அவன் வாழ்க்கையில் கேட்டதில்லை. அதனால்தான் உள்ளே மாட்டியிருப்பது நாங்கள் என்று உடனே புரிந்தது என்றான்.

தலைக்கு மேலே கதவை அடித்தார்கள், கோபியின் குரல் கேட்டது. "அண்ணி! ரேவதி! இங்கயா இருக்கீங்க? நிறுத்தாதீங்க, வாசிச்சிக்கிட்டே இருங்க!"

வாட்ச்மேன் ஏழுமலை மெயினை அணைத்துவிட்டுச் சாவியோடு வந்தார். கதவைப் பிளந்ததும் எங்கள் நெஞ்சு உயரத்துக்கு மேலே ஒரு சந்து தெரிந்தது, அதில் பகல் வெளிச்சம். "மெயின் ஆஃப் பண்ட்டேன், பயப்படாத தாயி, கைய குடு! நானு யாரு வூட்லயோ எழவுன்னு நெனச்சிகினு இருந்தேன்!" என்றார். முதலில் அண்ணியைத் தூக்கிக் கொடுத்தோம். அப்புறம் சலீம் பாய் கீழே நின்று என்னை ஏற்றப் பார்த்தார். பாரிடோன் கழுத்தில் தொங்கியது, அது அந்தச் சந்தில் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன்.

நீ போனதிலிருந்து அதைத் தினம் துடைத்து வைத்தவர் அண்ணிதான். மேலேயிருந்து அவர்தான் கத்தினார். "அது கெடக்கட்டும் ரேவதி! நீ வா!"

பட்டையைக் கழற்றினேன். அது தண்ணீருக்குள் போனது. நான் மேலே போனேன். எனக்குப் பின்னால் சலீம் பாய் வந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சந்தும் முழுகிவிட்டது. மாடிப்படியில் ஏறி உட்கார்ந்து மூவரும் அழுதோம். ஏழுமலை எங்கிருந்தோ டீ கொண்டு வந்தார், டம்ளரைக் கோபிதான் ஒவ்வொருவர் வாயிலும் பிடித்தான்.

ஒரு வாரம் கழித்துத் தண்ணீரை இறைத்தபோது பாரிடோன் கிடைத்தது. ராயப்பேட்டையில் ரிப்பேருக்குக் கொடுத்து, துளைகளை மூடுகிற எல்லா பேடும் மாற்றினோம். கீழ் ஸ்வரத்தில் இன்னும் கொஞ்சம் காற்று ஒழுகுகிறது. நீ கேட்டால் கண்டுபிடித்துவிடுவாய்.

கச்சேரி பொங்கல் கழித்து நடந்தது, லஸ் பக்கம் ஒரு சின்ன ஹாலில். அறுபது எழுபது பேர் இருந்தால் அதிகம். முதல் பகுதி நன்றாகவே போனது. இரண்டாவதற்கு முன்னால் ஹால் விளக்கைக் குறைத்தார்கள். எனக்கு அந்த லிஃப்ட் தண்ணீரின் சேற்று வாடை வந்துவிட்டது. நான்தான் ஆரம்பிக்க வேண்டும். வாயில் வைத்தேன், மூச்சு உள்ளே போகவில்லை. முன்வரிசையில் ஒருவர் இருமினார். எழுந்து ஓடிவிடலாம் என்று கதவைத் தேடினேன்.

யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. சலீம் பாய் கண்ணை மூடிக்கொண்டார். கோபி தரையைப் பார்த்தான். அண்ணி நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, நான் கேட்கும்படி மூச்சை இழுத்தார். மெதுவாக, நீளமாக. அதே மூச்சில் நானும் இழுத்தேன். ஆரம்பித்தேன்.

முடிந்ததும் பின்னறையில் அண்ணி இரண்டு பொட்டலம் மசால் வடை தின்றார். அப்புறம் மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் மறுபடி அழுதேன். "ஏண்டி, வடைக்கா அழுவற?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் அடையாறில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஹால் நாலாவது மாடியில் இருக்கிறது. "லிஃப்ட் இருக்குல்ல, போலாம்" என்று அண்ணி என்னைக் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன், அண்ணா. ஒருவேளை போகவே போகாதோ என்னவோ.

ஆனால் ஒன்று சொல்கிறேன், நம்பு. அண்ணி எந்தக் கதவுக்குள் நுழைந்தாலும் நானும் நுழைவேன். நடுங்கிக்கொண்டேதான் வருவேன், உன் பாரிடோனைச் சுமந்துகொண்டுதான் வருவேன். அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருக்காது.

உன் மூச்சில் பாதியை வாங்கிக்கொண்ட தங்கை,
ரேவதி