நடைமேடையில் கேட்ட குரல்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம். குழந்தை வாயைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிறார். சித்தியைக் கொண்டு பிறந்திருக்கிறாள் போலிருக்கிறது.

வானொலியில் செய்தி வாசிக்கப் புறப்பட்டவள் ரயில் வருவதையும் போவதையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ‘உன் குரலை யார் கேட்கப் போகிறார்கள்’ என்று அப்பா சொன்னதுதான் நடந்தது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதற்குப் பதில் இந்தக் கடிதம்தான்.

அக்காவுக்கு வலி எடுத்துவிட்டதென்று கேட்டு அடித்துப் பிடித்துக் கிளம்பியபோது, உன் ஸ்டேஷனில்தான் அப்பாவும் நானும் வண்டி மாறினோம். உனக்குச் சொல்லவில்லை. நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து உன்னோடு பேசாத மனுஷரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

வண்டி வருகிற நேரத்தில் நடைமேடையை மாற்றிவிட்டார்கள். கூட்டம் மொத்தமும் மேம்பாலப் படிக்கட்டில் பாய்ந்தது. எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி தடுமாறினாள். பின்னாலிருந்து நெட்டித் தள்ளுகிறார்கள். அப்பா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அப்போதுதான் உன் குரல் கேட்டது.

“யாரும் ஓடாதீங்க. எல்லாரும் ஏறின பிறகுதான் வண்டி கிளம்பும், அதுக்கு நான் பொறுப்பு. படியில கைக்குழந்தையோட ஒரு அம்மா நிக்கிறது இங்க கேமராவுல தெரியுது. முதல்ல அவங்களுக்கு வழி விடுங்க.”

எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற குரலா அது? ஏழு வயதில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, “முக்கியச் செய்தி. அக்கா இன்றும் பல் துலக்கவில்லை” என்று வாசிப்பாயே, அதே குரல். “நான் பேசினா ஊரே நின்னு கேக்கும், பாருங்க” என்று அப்பாவிடம் சவால் விடுவாய். அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் நின்றதடி. தள்ளியவர்கள் கையை எடுத்தார்கள். அந்தப் பெண்ணின் பையை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாரும் நடக்கத் தொடங்கிய பிறகும் அப்பா மட்டும் ஒலிபெருக்கியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியோடு பக்கத்தில் வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், “இப்ப பேசினது என் சின்னப் பொண்ணு. நெனச்சா நெனச்சதுதான் அவளுக்கு, சின்ன வயசுலேர்ந்தே” என்றார். பாவம், அந்த மனுஷருக்கு எங்கள் எதிர் இருக்கையே கிடைத்தது. இறங்கும்வரை உன் புராணம்தான். எனக்கே தெரியாத உன் சேட்டைகளெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்திருக்கின்றன.

அடுத்த வாரம் அதே வழியாகத் திரும்புகிறோம். உன் ஊரில் இரண்டு நாள் தங்க நல்ல விடுதி கிடைக்குமா என்று அக்காவின் வீட்டுக்காரரிடம் தனியாக விசாரித்திருக்கிறார். மகள் இருக்கிற ஊரில் விடுதி தேடுகிற மனுஷர்!

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. நீயாகவே நினைத்தது போல, “அப்பா, நம்ம வீட்டுக்கு வாங்க” என்று ஒரு வரி எழுது. அவர் பெயருக்கே எழுதம்மா.

நீ நல்லா இருப்பாய்.

உன் அம்மா