குனிந்து பார்க்காமல் போட்ட கையெழுத்து

அன்பு மாப்பிள்ளை நாயகம்,

எஞ்சின் ஏன் நின்றது என்று தெரிந்துவிட்டது. மண், மாப்பிள்ளை. ஒரு சிட்டிகை மண்.

விசாரணை அதிகாரி நேற்று என் கண் முன்னால்தான் இறக்கைக்கு அடியில் இருக்கும் காற்றுக் குழாயைப் பிரித்தார். பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போகவேண்டிய வழி அது. உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. காற்று போகாமல், பெட்ரோல் இறங்காமல், நீ மேலே ஏறும்போதே எஞ்சின் அடங்கி, விமானம் சோளக்காட்டில் விழுந்துவிட்டது. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் அப்படியே இருந்ததாம். இதை எப்படி நம்புவது?

மழைக்காக மூன்று வாரம் விமானம் ஷெட்டில் நின்றதே, அப்போது தூணில் ஒரு குளவி மண் உருட்டி வைத்தது. கூட்டுகிற அண்ணாச்சி விளக்குமாற்றை ஓங்கினார். நான்தான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

"வேண்டாம் அண்ணாச்சி, எந்தங்கச்சி மாசமா இருக்கா. குளவிக்கூட்டக் கலைக்கப்பிடாது."

நீ சிரித்தாய். "ஏலே மச்சான், நீ மெக்கானிக்கா, மருத்துவச்சியா?"

நம்மூரில் யார்தான் அதைக் கலைப்பார்கள்? ஆனால் தூணுக்கு வந்தது விமானத்துக்கும் வரும் என்று இந்த மரமண்டைக்கு எட்டவில்லையே! குழாய் வாய்க்கு முதல் நாளே மூடி போட்டிருக்க வேண்டும். பறக்கவிடுமுன் குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று காலை நீ அவசரப்பட்டாய், நானும் பட்டேன். 'பார்த்தேன்' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பார்க்கவில்லை. நீயாவது ஒரு தடவை குனிந்திருக்கக்கூடாதா, பாவி? மச்சான் பார்த்திருப்பான் என்று நம்பிவிட்டாயா?

கூட வேலை பார்ப்பவர் ஒருவர் யோசனை சொன்னார். "பிளேனு ஒரு வாரம் சோளக்காட்டுலதான கெடந்துச்சு. குளவி அப்பந்தான் கூடு கட்டிருக்கும்னு சொல்லிரும் வே. யாரு கண்டா?" என் மனசு ஒரு நிமிடம் அதைப் பிடித்துக்கொண்டது. நான் இப்படிப்பட்டவனா என்று திகைத்துப்போனேன்.

இன்று விடியக்காலம் சங்கரன்கோவில் வந்து இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருத்தர், "எங்கனயோ பாத்துக்கிட்டு ஓட்டிருப்பான்" என்றார். அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வீட்டுக்கு வந்தால், செல்வி ஐந்து மாத வயிற்றோடு எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். மாலை போட்ட உன் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணன் பாத்துக் கையெழுத்துப் போட்ட பிளேனுல்லா. அதுல ஒரு கொறையும் இருந்திருக்காது. அவுகதான் என்னமோ தப்புப் பண்ணிட்டாக. எங்கள நெனைச்சுப் பாக்கவே இல்ல."

அழக்கூட இல்லை. என் கையெழுத்தை நம்பி அவள் உன்னை வெறுக்கிறாள், மாப்பிள்ளை.

நாளை மறுநாள் விசாரணையில் உள்ளதைச் சொல்வேன். வேலை போகட்டும், லைசென்ஸ் போகட்டும். அதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும். அடுப்படியில்தான் இருக்கிறாள். இதை மடித்து வைத்துவிட்டு இப்போதே போகிறேன், உன்மேல் சத்தியம். அவள் கோபம் என்மேல் திரும்பட்டும். உன்னை நினைத்து அவள் இன்றாவது வாய்விட்டு அழட்டும்.

இப்படிக்கு,
இந்த நிமிடம் வரைக்கும் செல்விக்கு அண்ணன்,
உன் மச்சான்.