பெயிண்ட் அடிக்கப் போன ஒக்டாவியா

பிர்னோ, அக்டோபர் 9

அன்புள்ள ராதெக்,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நீயும் ஹெலனாவும் குழந்தையும் மெல்போர்னில் சுகமாக இருக்க வேண்டும், அந்த ஆசையில் மட்டும் இப்போதும் மாற்றமில்லை. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, பிளம் பழத்தையெல்லாம் ஜாம் கிண்டி முடித்துவிட்டேன்.

ஆகஸ்டு கடைசியில் பக்கத்து வீட்டு லுத்விக் வந்து, என் பழைய ஒக்டாவியா காரைப் பெயிண்ட் அடிக்கக் கொண்டுபோவதாகவும், பத்தே நாளில் வந்துவிடும் என்றும் சொன்னார். சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன். அந்த வண்டியை ஒரேயடியாகப் புதிதாக்க நான் என்றைக்கும் அவசரப்பட்டதில்லை, உனக்கே தெரியும். ஒரு குளிர்காலத்தில் தரைத் தகட்டுக்கு வெல்டிங், அடுத்ததில் பிரேக், அதற்கடுத்ததில் சீட்டு உறையை நானே தைத்தேன், வெயில் வந்துவிட்டால் எந்தக் கோலத்தில் இருந்தாலும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஏற்றத்தில் இஞ்சின் கொதித்தால் ஓரங்கட்டி, அது ஆறும்வரை பிளாஸ்க் காபி குடிப்பேன். இருபத்தெட்டு வருஷம் டிராம் ஓட்டித் தண்டவாளம் போன வழியே போனவள், இந்த வண்டியில்தான் நினைத்த இடத்தில் திரும்பினேன்.

பத்து நாள் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கேட்டபோதெல்லாம் லுத்விக், இன்னும் காயல வ்லாஸ்தா, அவசரப்பட்டா உரிஞ்சு வந்துரும் என்றார். போன ஞாயிறு பக்கத்து ஊரில் பழைய கார்கள் கூடும் விழாவுக்கு பஸ்ஸில் போனேன். அங்கே யானைத்தந்த நிறத்தில் பளபளவென்று ஓர் ஒக்டாவியா. எட்டிப் பார்த்தால் நான் தைத்த சீட்டு, ஓரத்தில் நூல் தீர்ந்து வேறு நூலில் முடித்த தையலோடு. பக்கத்தில் நின்ற இளைஞன், நல்லா பாருங்கம்மா, முந்தி இத ஒரு கிழவி கோழிக்கூடு மாதிரி வச்சிருந்தாளாம் என்றான். அந்தக் கிழவி நான்தான் என்றேன். அவன் முகம் செத்துவிட்டது. உங்க பையன் கையெழுத்து போட்டு அனுப்பின தாள வச்சுத்தானே வாங்கினேன், உங்களுக்குத் தெரியாதா என்றான். பாவம், சாவியை நீட்டி ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்கம்மா என்றான். தேவாலயத்தைச் சுற்றி ஒருமுறை ஓட்டினேன். பிரேக் நான் வைத்தபடியே பிடித்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

கண் ஆபரேஷன் சமயத்தில் வண்டியை உன் பெயருக்கு மாற்றினேன், அது தவறென்று இந்த வாரம்வரை தோன்றியதில்லை. லுத்விக்கிடம் கேட்டதற்கு, நான் என்ன பண்ணுவேன், உன் மகன்தான் அழாத குறையா கெஞ்சினான், அம்மா எங்கயாவது மோதிடுவாங்க, சொன்னா சண்ட போடுவாங்கன்னான் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆமாம், போட்டிருப்பேன். டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்த தாளை உன் முன்னால் வைத்திருப்பேன். அதற்கும் நீ மசியாமல் கடைசியில் நீயே ஜெயித்திருக்கலாம். அந்தச் சண்டையைக்கூட எனக்குக் கொடுக்கவில்லையே நீ. விற்ற பிறகும் ஞாயிறுதோறும் போனில், பெயிண்ட் காஞ்சிருச்சாம்மா என்று கேட்டாயே ராதெக், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குழந்தைக்குக் கம்பளிக் காலுறை பின்னி இதோடு வைத்திருக்கிறேன். ஹெலனாவை இரும்புச்சத்து மாத்திரை விடாமல் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கடவுள் துணை நிற்கட்டும். இந்த ஞாயிறு போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் மன்னித்துவிடுவேன், இன்னும் எனக்கு அதற்கு மனமில்லை. எழுது.

உன் அம்மா,
வ்லாஸ்தா