மஞ்சள் போர்வையோடு நில்

அன்புள்ள எவ்தோக்கியா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று டெலோஸ் தீவின் இடிபாடுகளைப் பயணிகளுக்கு விளக்கும்போது, வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். பயப்படாதே. "எழுந்திருங்க வாத்தியாரே! இந்தத் தீவுல யாரும் சாகக்கூடாதுன்னு அந்தக் காலத்துச் சட்டம். நீங்கதானே தினமும் சொல்றீங்க?" என்று எங்கள் கப்பலின் கேப்டன் ஸ்தமாதிஸ் தண்ணீர் கொடுத்தார்.

மாலுமிகளின் ஊரைக் கடக்கையில் அவர்கள் வீட்டாருக்காகக் கப்பல் மூன்று முறை சங்கு ஊதுமே, பயணிகளுக்கு விளக்கம் சொல்லும் எனக்கும் அது உண்டா என்று நான்கு மாதமாகக் கேட்கத் தயங்கினேன். நேற்று கேட்டேன். "இதுக்கா இவ்வளவு யோசனை? ஊதிடுவோம்!" என்று சிரித்தார்.

அடுத்த வெள்ளி காலை பத்துக்கு நம் சிஃப்னோஸ் தீவைக் கடப்போம், நிற்கமாட்டோம். மொட்டைமாடியில் மஞ்சள் போர்வையை வீசு. வெள்ளை வேண்டாம், வீடுகளெல்லாம் வெள்ளை. சங்கு ஓய்ந்ததும் உள்ளே போய்விடாதே. தீவு மறையும்வரை நான் பின்தளத்தில் நிற்பேன்.

தபால் படகு கிளம்புகிறது.

உன்
அரிஸ்டிதிஸ்