கடைசிக் கோடு

வீட்டுக்காரிக்கு,

இதை என் கையால் நானே எழுதுகிறேன். உனக்குப் படித்துக் காட்டப்போவது உன் அண்ணன்தான். சத்தமாகப் படிக்கட்டும், ஒரு வரியையும் விழுங்க வேண்டாம்.

இந்த வயதில் படிப்பா என்று கோபித்துக்கொண்டு நீ அங்கே போய்விட்டாய். முதியோர் வகுப்பில் தமிழ் முடிந்து இப்போது சீன எழுத்தும் பழகுகிறேன். எவ்வளவு சுகம் தெரியுமா?

போன வாரம் உன் சேலைகளை எடுக்க வந்த உன் அண்ணன் என் பலகையில் இருந்த சீன எழுத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மாப்பிள்ளை, பெட்டிக்குள்ள பெட்டியா? இதுக்கு ஒரு வகுப்பா?"

சாக்பீஸைப் பிடுங்கி, பெரிய பெட்டியை நாலு பக்கமும் அடைத்துவிட்டு, உள்ளே சின்னதைத் திணித்தான். பட்டம் வாங்கிய அறிவு அவ்வளவுதான். "பெரிய பெட்டியோட அடிக்கோடு கடைசியில வரணும் மச்சான். ஆள் உள்ள வராம கதவைச் சாத்துவாங்களா?" என்றேன். எங்கள் டீச்சரம்மா சொல்லிக் கொடுத்தது அது.

"வரிசையெல்லாம் எவன் பாக்குறான்?" என்றான். சட்டைக்குப் பொத்தான் எல்லாம் மாட்டிவிட்டு அப்புறம் தலையை நுழைக்கிறவன் கேட்கிற கேள்வி.

அந்த எழுத்துக்குத் திரும்பி வருவது என்று பொருள். அன்றைக்கு அவனிடம் சொல்லவில்லை. இப்போது அவன் வாயாலேயே உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவன் கிறுக்கியதை அழித்துவிட்டு நான் எழுதி, வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறேன். அடிக்கோடு மட்டும் போடவில்லை.

கைநாட்டு வைக்காமல்,
உன் வீட்டுக்காரன்